அப்பா நினைவு நாளுக்கு 60,000 ரூபாய்: சாப்பாடா, படிப்பா, ஆஸ்பத்திரியா?

திருப்பூர்க்காரன்:

வணக்கம். எங்கள் வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பஞ்சாயத்தை இங்கே வைக்கிறேன். கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

அப்பா இறந்ததிலிருந்து அண்ணன், நான், தங்கை மூன்று பேரும் ஆளுக்கு 20,000 போட்டு, மாசியில் அவர் திதியன்று ஒரு முதியோர் இல்லத்தில் மதியச் சாப்பாடு போடுகிறோம். இலை, வடை, பாயாசம். மிச்சப் பணத்தில் போர்வை, துண்டு. அப்பா சாயப்பட்டறையில் கூலியாகச் சேர்ந்து, பிறகு கடன் வாங்கி, பனியன் தைக்கும் நாலு பவர் டேபிள் போட்டவர். பசி என்றால் என்னவென்று தெரிந்த மனிதர். அதனால் சோறு போடுவதுதான் சரி என்று வேறு எதையும் யோசிக்கவில்லை.

இந்த வருடம் நாங்கள் போன நேரத்தில் இன்னொரு குடும்பமும் பேரனின் பிறந்த நாளுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தது. ஒரே மதியத்தில் இரண்டு பாயாசம். பாதிப் பேர் இலையை மூடிவிட்டார்கள். அப்போது ஒரு பாட்டி என் மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்: "சோத்துக்குக் குறையில்ல கண்ணு. கண்ணாடி உடைஞ்சு மூணு மாசமாச்சு."

அதிலிருந்து வீட்டில் பேச்சு ஆரம்பித்தது. அண்ணன், ஏதோ மரபணு நோய் உள்ள குழந்தைக்கு 16 கோடி ரூபாய் ஊசிக்காக இணையத்தில் பணம் திரட்டுகிறார்கள், அதற்குக் கொடுக்கலாம் என்கிறார். தங்கை, ஒரு பெண்ணின் காலேஜ் ஃபீஸ் கட்டலாம் என்கிறாள். மைத்துனர் எல்லோரையும் விட ஒரு படி மேலே போய், "வரி கட்டுறோம், அரசாங்கம் செய்யுது, நாம எதுக்கு?" என்கிறார்.

எனக்கு இரண்டு கேள்வி. 60,000 ரூபாயில் உருப்படியாக எதையாவது மாற்ற முடியுமா? முடியும் என்றால், எங்கே?

கணக்கர்:

எங்கே கொடுப்பது என்று மற்றவர்கள் சொல்லட்டும். நான் ரசீதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு எல்லோரும் அதைத்தான் கேட்டு வருவார்கள். நன்கொடைக்கான வருமான வரி விலக்கு (80ஜி என்பார்கள்) பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான். புதிய வரிமுறைக்கு மாறியிருந்தால் அதை மறந்துவிடலாம். ரொக்கமாக 2,000க்கு மேல் கொடுத்தால் விலக்கு கிடையாது. செக், யூபிஐ, வங்கி மாற்றல் எதுவானாலும் சரி. வெறும் ரசீதும் போதாது, அந்த அமைப்பு வரித்துறைப் படிவத்தில் நன்கொடைச் சான்றிதழ் தர வேண்டும். தர முடியாது என்று இழுத்தால் அவர்கள் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

தனி ஆளுக்குக் கையில் கொடுக்கும் உதவிக்கு எந்த விலக்கும் இல்லை. அதற்காகக் கொடுக்காமல் இருக்க வேண்டாம்.

பழைய வார்டு சிஸ்டர்:

தம்பி, முதலில் அந்தப் பாட்டிக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நான் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கடைசிப் பல வருடம் டயாலிசிஸ் பிரிவிலும் புற்றுநோய் வார்டிலும்தான் போயிற்று. ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம், எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான்.

ஏழைக்கு வைத்தியச் செலவுதான் பெரிய பாரம் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவருக்கு அது பாதிதான் உண்மை. மருந்து, ஆபரேஷன், படுக்கை, நோயாளியின் சாப்பாடு எல்லாம் இலவசம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை தனியார் ஆஸ்பத்திரியிலும் பார்க்கலாம். பிறகு ஏன் ஆட்கள் வைத்தியத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறார்கள்? பஸ் காசு, தம்பி. வேறொன்றும் இல்லை.

டயாலிசிஸ் என்றால் வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை வர வேண்டும். மெஷினில் நாலு மணி நேரம். முடிந்து எழுந்தால் தலை சுற்றும், தனியாக அனுப்ப முடியாது, கூட ஒரு ஆள் வேண்டும். வீடு 40 கிலோமீட்டர் தள்ளி என்று வையுங்கள். பெண்களுக்கு இலவசப் பயணம் டவுன் பஸ்ஸில் மட்டும்தான். வெளியூர் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ. கூட வந்தவருக்கு அன்றையக் கூலி போயிற்று. அவருக்கு ஆஸ்பத்திரியில் சாப்பாடும் கிடையாது, வெளியே வாங்க வேண்டும்.

எங்கள் பிரிவில் ஒரு பெரியவர் இருந்தார், பனை ஏறியவர். வாரம் மூன்று முறை வர வேண்டியவர் ஒரு முறை வர ஆரம்பித்தார். கேட்டால் "இப்ப உடம்பு பரவாயில்ல சிஸ்டர்" என்பார். கால் இரண்டும் வீங்கியிருக்கும், பேசும்போதே மூச்சு வாங்கும். மகள்தான் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள், ஒரு தடவை வந்து போக இரண்டு பேருக்கு நானூறு ரூபாய் ஆகிறது, வாரத்துக்கு 1,200க்கு எங்கே போவது என்று. எதிரே மளிகைக் கடை வைத்திருந்தவர் ஒருவர் அந்தச் செலவை ஏற்றுக்கொண்டார். பெரியவர் மறுபடி ஒழுங்காக வந்தார், வீக்கம் வடிந்தது, வார்டில் மற்றவர்களை அதட்டும் அளவுக்குக் குரல் திரும்பியது.

இப்போது உங்கள் கணக்கைப் போடுங்கள். ஒரு தடவைக்கு 400, வாரத்துக்கு மூன்று, வருடத்துக்கு 52 வாரம். 62,400 வருகிறது. நீங்கள் மூன்று பேரும் ஒரே மதியத்தில் செலவழிக்கும் பணம் ஒரு மனிதரை ஒரு வருடம் மெஷினில் கொண்டுவந்து உட்கார வைக்கும். எதையாவது மாற்ற முடியுமா என்று கேட்டீர்களே, அதற்காகச் சொல்கிறேன்.

புற்றுநோய் வார்டில் வேறு மாதிரி. கதிர்வீச்சு வாரம் ஐந்து நாள், பலருக்கு ஆறேழு வாரம் வரை போகும். மெஷின் அடியில் படுப்பது சில நிமிஷம்தான். ஆனால் அந்தச் சில நிமிஷத்துக்காகத் தினமும் ஊரிலிருந்து வந்து போக முடியாது. தங்க இடம் இல்லாதவர்கள் வராந்தாவில் பாய் போட்டுப் படுப்பார்கள். குடலில் ஆபரேஷன் செய்து வயிற்றில் பை வைத்தவர்களுக்கு அந்தக் கொலாஸ்டமி பையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாங்க முடியாமல் கடைப் பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அடல்ட் டயப்பர், வாட்டர் பெட், வாக்கர் எல்லாம் இந்த வகைதான். இதையெல்லாம் யாரும் தானமாக நினைப்பதில்லை. ஃபோட்டோவுக்கு நன்றாக இருக்காது அல்லவா.

சோற்றுக்கு மட்டும் கூட்டம். அமாவாசையன்றும் தலைவர்கள் பிறந்த நாளன்றும் கேட் வாசலில் தக்காளி சாதப் பொட்டலம் குவியும். வாங்கியவர்களே மறுபடி வாங்கி, மாலையில் பாதி குப்பைத்தொட்டியில் கிடக்கும். சாதாரணச் செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு, பிரசவ வார்டு வாசலில் காலையிலிருந்து டீ மட்டும் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் மாமியாருக்குக் கொடுக்க ஒரு ஆள் வர மாட்டார்.

நான் மதுரையில் நர்சிங் படித்த காலத்தில் கண் முகாம்களைப் பார்த்திருக்கிறேன். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்று 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தவர். கட்ட முடிந்தவர் கட்டுவார், அந்த வருமானத்தில் கட்ட முடியாதவருக்கும் அதே ஆபரேஷன். ஆனால் அதைவிட அவர்கள் கற்றுக்கொண்ட ஒரு விஷயம் எனக்குப் பெரிதாகப் படும். கண்புரை ஆபரேஷன் இலவசம், வாருங்கள் என்று சொன்னால் மட்டும் கிராமத்து ஆட்கள் வருவதில்லை. யார் கூட்டிப் போவது, எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது என்று தயங்கி நின்றுவிடுவார்கள். முகாமிலிருந்தே பஸ்ஸில் ஏற்றி, சாப்பாடு போட்டு, தங்க வைத்து, திரும்ப ஊரில் கொண்டுபோய் விட்டால்தான் வந்தார்கள். டாக்டரும் மருந்தும் தயாராக இருந்தும் நடுவில் ஒரு பஸ் பயணம் மறித்து நிற்கும். உங்களைப் போன்றவர்கள் பணம் போட வேண்டிய இடம் அதுதான்.

அண்ணன் சொல்லும் ஊசி விஷயம். அந்தக் குழந்தைக்குக் கொடுப்பது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் 16 கோடியில் உங்கள் 60,000 கடலில் கரைத்த பெருங்காயம். அந்தக் குழந்தைக்கு வீடியோ இருக்கிறது, பகிர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பனை ஏறியவருக்கு யார் வீடியோ எடுத்தார்கள்? கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஆஸ்பத்திரிக் கணக்குக்கே நேராக அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் உள்ள நம்பருக்கு அனுப்ப வேண்டாம். சிகிச்சை முடிந்து வருடங்கள் ஆன குழந்தைகளின் படம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சாக்பீஸ்:

சிஸ்டர் ஆஸ்பத்திரிக்குச் சொன்னது பள்ளிக்கூடத்துக்கும் பொருந்தும். நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியர். உங்கள் தங்கை ஃபீஸ் கட்டுவதற்கு முன் அந்தப் பெண் எங்கே படித்தாள் என்று விசாரிக்கட்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் மருத்துவமோ பொறியியலோ சேர்ந்திருந்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். அதற்கு மேல் நீங்கள் ஃபீஸ் கட்டக் கிளம்பினால் யாருக்குக் கட்டுகிறீர்கள்?

எங்கள் பிள்ளைகள் தடுக்கி விழுவது அதற்கு முன்னால் உள்ள வாசற்படியில். கவுன்சலிங் விண்ணப்பம், சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, சென்னை போய் வர டிக்கெட், விடுதிக்குப் பெட்டி படுக்கை, முதல் மாதக் கைச்செலவு. ஜூன், ஜூலையில் ஐயாயிரம் ரூபாய் கையில் இல்லாமல் பனியன் கம்பெனிக்குப் போன பிள்ளைகள் உங்கள் ஊரிலேயே எத்தனையோ பேர் இருப்பார்கள். பேக்கிங்கில் நிற்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள்.

மைத்துனருக்கு ஒரு செய்தி. 1956இல் காமராஜர் காலத்தில் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியபோது அது ஊர்மக்கள் கொடுத்த அரிசியிலும் பணத்திலும்தான் நடந்தது. அன்றைய கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் மக்களைக் கொடுக்க வைத்தார். அரசு மானியம் அதன் பின்னால் வந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாகப் பெரிதாக்கினார், 2022இல் காலை உணவும் சேர்ந்தது. அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியும் 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி கொடை திரட்டி ஆரம்பித்ததுதான். அன்றைக்கு எல்லோரும் அரசாங்கம் செய்யட்டும் என்று உட்கார்ந்திருந்தால் மைத்துனர் இன்றைக்கு எதைச் சுட்டிக்காட்டுவார்?

வடலூர் பக்கம்:

எல்லோரும் சேர்ந்து சோற்றை ஒரு கை பார்க்கிறீர்கள். நான் அந்தப் பக்கம் நிற்கிறேன்.

எங்கள் பக்கத்து ஊர் வடலூரில் வள்ளலார் 1867இல் பசித்தவர்களுக்குச் சோறு போடத் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. நான் லாரி கிளீனராக இருந்த காலத்தில் சம்பளத் தகராறில் நெய்வேலி ரோட்டில் இறக்கி விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கையில் காசு இல்லை, போன் இல்லை. நடந்தே தருமசாலைக்குப் போய்ச் சாப்பிட்டேன். பெயர் கேட்கவில்லை, சாதி கேட்கவில்லை, ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. மறுநாளும் சாப்பிட்டேன்.

சிஸ்டர் காப்பீட்டு அட்டை என்கிறார், சாக்பீஸ் சார் சான்றிதழ் என்கிறார். அட்டை வாங்க ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் வேண்டும். பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடப்பவனிடம் என்ன இருக்கிறது? ஆதார் கூடத் திருடு போயிருக்கும். அவன் வயிற்றுக்கு மட்டும்தான் தாள் வேண்டாம். திருப்பூர் அண்ணன் வேண்டுமானால் இடத்தை மாற்றட்டும், இரண்டு பாயாசம் உள்ள இடத்தை விட்டுவிட்டு ஒன்றும் இல்லாத இடத்துக்குப் போகட்டும். சோற்றையே விட்டுவிடச் சொல்லாதீர்கள்.

அக்கரைப்பேட்டை:

கொடுப்பவர்கள் பக்கம்தான் எல்லோரும் பேசியிருக்கிறீர்கள். நான் வாங்கியவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது எனக்குப் பதினாலு வயது. அடுத்த சில வாரம் நாகப்பட்டினத்துக்கு வராத லாரி இல்லை. எல்லாவற்றிலும் பழைய துணி. கிழிந்த பேண்ட், பொத்தான் இல்லாத சட்டை, ஒற்றைச் செருப்பு. ரோட்டோரம் மலையாகக் கொட்டிவிட்டுப் போனார்கள். கடலில் எல்லாம் போனாலும் மானம் போகவில்லையே, அதை யார் எடுத்து உடுத்துவது? மழையில் நனைந்து நாறியது. பிறகு டெல்லியிலிருந்து கூஞ்ச் அமைப்பு அந்தத் துணிகளில் பெரும்பகுதியை எடுத்துப் பிரித்து வேறு உபயோகத்துக்குக் கொண்டுபோனது.

படகுக் கதை அதைவிடப் பெரிது. மீனவர் என்றால் படகு கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு அமைப்பும் ஃபைபர் போட்டாகக் கொடுத்துத் தள்ளியது. அதுவரை பங்குக்கு ஏறிக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாம் போட் முதலாளி ஆனார்கள். தொழிலுக்குப் போக ஆள் கிடைக்கவில்லை, சில போட் தண்ணீரையே பார்க்காமல் கரையில் கிடந்து வெடித்தது. எங்கள் ஊரில் பட்டியல் போட்டதோ ஊர் வரி கட்டும் ஆண்களின் பெயரை வைத்து. புருஷனை இழந்து மீன் கூடை சுமந்த பெண்கள் அதில் எங்கே வருவார்கள்? உப்பங்கழியில் இறால் தடவிப் பிழைத்தவர்கள், வயலில் உப்பு ஏறிப்போன கூலிக்காரர்கள் எல்லாம் "மீனவர் இல்லை" என்று விடுபட்டார்கள்.

ஆனால் அந்த முதல் நாட்களில் நாகூர் தர்காவில் செய்ததை இன்றும் மறக்க மாட்டோம். பிணம் யாருடையது என்று பார்க்காமல் தங்கள் இடத்தில் அடக்கம் செய்தார்கள், தப்பி ஓடி வந்தவர்களுக்குப் படுக்க இடமும் சோறும் கொடுத்தார்கள். வடலூர் அண்ணன் சொன்னது சரிதான், அந்த நேரத்தில் சோறுதான் வேண்டும். மூன்று மாதம் கழித்தும் பொட்டலத்தையே நீட்டினால் கோபம் வரும்.

எங்களிடம் வந்து "உனக்கு என்ன வேணும்" என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்படிக் கேட்ட ஒருவரிடம் என் அம்மா கேட்டது ஒரு அலுமினிய அன்னக்கூடையும் ஐஸ் வாங்க முதலும். 3,000 ரூபாய்கூட ஆகவில்லை. அதை வைத்துத்தான் என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார்.

திருப்பூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

அக்கரைப்பேட்டைத் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இல்லத்துக்குப் போன் செய்தேன். யார் யாருக்கு என்ன வேண்டும் என்று அவரவரிடமே கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். கண்ணாடி கேட்டவர் ஒரு பாட்டி இல்லை, பதினோரு பேர்! ஒரு தாத்தா ரேடியோ கேட்டிருக்கிறார். ஒருவர் தன் மகன் நம்பரைக் கண்டுபிடித்துத் தரச் சொல்கிறார். அதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

சிஸ்டர், நீங்கள் போட்ட கணக்கைத் தங்கையிடம் படித்துக் காட்டினேன். ஒத்துக்கொண்டாள். அண்ணன் ரசீது இல்லாமல் எப்படி என்கிறார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரே சந்தேகம். முன்பின் தெரியாத ஆள் டயாலிசிஸ் வார்டுக்குள் போய் "யாருக்குப் பஸ் காசு வேண்டும்" என்று எப்படிக் கேட்பது? துரத்திவிட மாட்டார்களா?

பழைய வார்டு சிஸ்டர்:

துரத்துவார்கள் தம்பி, துரத்தவும் வேண்டும். அப்படி வருபவர்களில் தரகர்களும் உண்டு.

கண்ணாடியை முதலில் முடித்துவிடுகிறேன். பதினோரு பேருக்கும் ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். அந்த வயதில் பாதிப் பேருக்குக் கண்புரையாக இருக்கும், கண்ணாடி போட்டும் பிரயோஜனம் இல்லை. ஒரு வேன் பிடித்துக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பரிசோதியுங்கள். ஆபரேஷன் இலவசமாகவே நடக்கும், வேன் வாடகைதான் உங்கள் செலவு. ரேடியோவை உடனே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். மகன் நம்பர் விஷயத்தில் இறங்காதீர்கள், அதை இல்லத்துக்காரர்கள் பார்க்கட்டும்.

வடலூர் தம்பி அட்டை இல்லாதவர்களைப் பற்றிச் சொன்னதில் மறுக்க ஒன்றும் இல்லை. அங்கே பணத்தைவிட ஆள்தான் வேண்டும். ஒரு நாள் லீவு போட்டு ஒருவரை இ-சேவை மையத்துக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் கூட்டிக்கொண்டு போய் வந்தால் அது பெரிய உதவி. மைத்துனருக்கு அரசாங்கத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை இருந்தால் அந்த வேலையை அவரிடம் கொடுங்கள்.

வார்டுக்குப் போகும் முறை இதுதான். நேராக உள்ளே போகாமல் முதலில் ஆர்.எம்.ஓ.வை, அதாவது ஆஸ்பத்திரியின் உறைவிட மருத்துவ அதிகாரியைப் பார்த்து விஷயத்தைச் சொல்லுங்கள். அவர் வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் அனுப்புவார். வருகைப் பதிவேட்டில் யார் அடிக்கடி வராமல் போகிறார் என்று அவருக்குத்தான் தெரியும். ஸ்டாஃப் யார் கையிலும் பணம் கொடுக்காதீர்கள், என்னைப் போல வாய் நிறையப் பேசும் நர்ஸாக இருந்தாலும் சரி. நோயாளியின் மனைவியோ மகளோ யார் கூட வருகிறாரோ அவர் கணக்குக்கு மாதம் பிறந்ததும் 5,000 போட்டுவிடுங்கள். மொத்தமாகக் கொடுத்தால் வீட்டில் வட்டிக்காரன் முதலில் வந்து நிற்பான். மாதத்துக்கு ஒரு முறை போன் செய்து வந்தாரா என்று இன்சார்ஜிடம் கேளுங்கள், அவரிடமே கேட்க வேண்டாம், கூச்சப்படுவார். நடுவில் அவர் தவறிவிட்டால் மிச்ச மாதத்துப் பணத்தைக் காரியச் செலவுக்குக் கொடுத்துவிட்டு அடுத்தவரைப் பாருங்கள். அப்படி நடக்கும், மனதைத் தயார் செய்து கொள்ளுங்கள். உடலை ஊருக்குக் கொண்டுபோக அரசின் அமரர் ஊர்தி இலவசம், 155377க்கு அழைக்கலாம். பலருக்கு இது தெரியாமல் தனியார் வண்டிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள்.

காலையில் போகாதீர்கள், ரவுண்ட்ஸ் நடக்கும், ஒருவரும் நின்று பேச மாட்டார்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் போங்கள். தங்கையையும் கூட்டிக்கொண்டு போங்கள், பெண்கள் இருந்தால் கூட வருபவர்கள் கொஞ்சம் மனம் விட்டுப் பேசுவார்கள்.